கட்டுத்தரைக்கு உள்ள கணக்கு வாசல் நாய்க்கு இல்லை

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் தருகிற குறிப்பு, மேற்கு மாவட்ட நாளிதழ்ப் பக்கங்களில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. வரும் நாட்களில் வெயில் எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசையிலிருந்து, மழைக்கு வாய்ப்பு உண்டா என்று சொல்லிவிட்டு, அதனால் கோழிகளுக்கு வெப்ப அயற்சி வருமா, பண்ணையாளர் தீவனத்திலும் தண்ணீரிலும் என்ன கவனிக்க வேண்டும் என்றும் அது சொல்லும். கோடைக்கு முன்பே, பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்கு இருவார முகாம் போடுகிறது. ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஊசி மழைக்கு முன்னால் போட வேண்டும் என்பது பட்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். மாட்டுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 2019 முதல் அது தேசியத் திட்டமாகவே நடக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் எந்த மாதம் எந்த வேலிக்குள் மாட்டை விடுவது, கொழுக்கட்டைப் புல் எப்போது தழையும், வேலாங்காய் எப்போது உதிரும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு. ஆக, நமக்கு வருமானம் தரும் உயிர்களைப் பருவம் பார்த்துப் பேணுவதில் கொங்கு நாடு யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் அதே கட்டுத்தரைக்குப் பத்தடி தள்ளி, வாசலில் கட்டியிருக்கும் நாய்க்கும் திண்ணையில் சுருண்டு கிடக்கும் பூனைக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. நோய் வந்தால் மருத்துவரைத் தேடுகிறோம், அதுவும் பலநேரம் மூன்றாம் நாள். வீட்டு விலங்குகளைப் பெரிதும் வாட்டுகிற வெப்பத் தாக்கு, உண்ணிக் காய்ச்சல், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவை ஏறக்குறைய நாள்காட்டியைப் பார்த்தே வருபவை. வரும் காலம் தெரிந்த துன்பத்தை முன்கூட்டியே தடுக்காமல் விடுவதை விதி என்று சொல்லக்கூடாது என்பதே என் வாதம்.

கோவைக்கு ‘குளுகுளு ஊர்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரே இங்கே பலரை ஏமாற்றுகிறது. கத்திரி தொடங்கினால்தான் வெயில் என்று நாம் நினைக்கிறோம். கோவையில் பகல் வெப்பம் உச்சத்துக்குப் போவது பங்குனியிலும் சித்திரையிலும்தான். வைகாசி முற்றும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிடும். அக்னி நட்சத்திரம் வரட்டும், பிறகு பந்தல் போடலாம் என்று இருப்பவரின் நாய், அதற்குள் ஒன்றரை மாதம் வெந்து முடித்திருக்கும். கிழக்கே போகப் போக நிலைமை இன்னும் கடுமை. ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. மனிதருக்குப் பேரிடரான வெயில், உடம்பெல்லாம் ரோமம் போர்த்திய உயிருக்கு எப்படி இருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் விளக்கத்தான் வேண்டியிருக்கிறது, ஏனெனில் நாயின் உடம்பு நம் உடம்பைப் போல இல்லை. நமக்குத் தோல் முழுக்க வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும், அதுவும் பெயருக்குத்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது ஒன்றே அதன் விசிறி. அதன் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். இடையில் இருப்பது இரண்டு டிகிரிதான். பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழகமும் ராயல் கால்நடைக் கல்லூரியும் ஒன்பது லட்சம் நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத் தாக்குக்கு ஆளான நாய்களில் ஏழில் ஒன்று இறந்திருக்கிறது. அந்தக் குளிர்நாட்டிலேயே அப்படி. அதே ஆய்வாளர்களின் இன்னொரு கணக்கு நமக்கு இன்னும் முக்கியம்: காரணம் தெரிந்த சம்பவங்களில் நான்கில் மூன்று பங்கு, காருக்குள் அடைத்ததால் வந்தவை அல்ல, நடைப்பயிற்சி, ஓட்டம், விளையாட்டு ஆகியவற்றால் வந்தவை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை எட்டரை மணிக்கு, தான் ஓடும் வேகத்துக்கு நாயையும் இழுத்துக்கொண்டு ஓடுபவர்கள் இதை அறிய வேண்டும். எஜமானர் நிற்கும் வரை நாய் நிற்காது. முடியவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதில் படக்கூடாது. காரைப் பற்றியும் ஒரு சொல்: வெளியே மிதமான வெயில் அடிக்கும்போதும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி கூடுகிறது, அதில் பெரும்பங்கு முதல் அரைமணியிலேயே, கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டாலும் பெரிய மாற்றமில்லை என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ‘மருந்துக்கடையில் ஐந்தே நிமிஷம்’ என்று இறங்குகிறவர்களுக்கு அந்த ஐந்து நிமிஷம் கையில் இருப்பதில்லை.

நம் ஊர்களில் கார் வைத்திருப்பவர்களைவிடச் சங்கிலி வைத்திருப்பவர்களே அதிகம். ஆகவே சங்கிலியைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஒரு கொக்கி, அதில் நான்கடிச் சங்கிலி, மேலே தகரச் சீட்டு, பக்கத்தில் அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நாய் நிழலில் படுத்திருக்கிறது, கிண்ணம் நிறைந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் மில்லுக்கும் பட்டறைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். பதினொரு மணிக்கு நிழல் சுவரை ஒட்டிச் சுருங்குகிறது. ஒரு மணிக்கு அது சங்கிலியின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. தகரம் மேலிருந்து அனலைக் கொட்டுகிறது, சிமென்ட்டுத் தரை கீழிருந்து சுடுகிறது. கிண்ணத்தில் மிச்சமிருக்கும் தண்ணீர் வாய் வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது, அல்லது இரைத்த வேகத்தில் கால் பட்டுக் கவிழ்ந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வந்து பார்க்கும்போது நிழல் திரும்ப வந்துவிட்டது. நடந்தது எதுவும் தெரியாது. நாய் சோர்ந்து கிடக்கும், ‘சோறு தின்ன மாட்டேங்குது’ என்பார்கள். இந்த வீட்டில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. நிழல் நகரும் என்பதை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற நேரத்துக்கு நியாயமற்ற அளவுக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், போதிய தண்ணீரும் இருப்பிடமும் தராததையும் குற்றம் என்றே சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்குச் சட்டத்தை யார் மதிப்பார்கள்? திருத்த வேண்டிய சட்டம்தான். அது திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு: வெயில் காலத்துக்கு மட்டுமாவது கொக்கியை மரத்தடிக்கு மாற்றுவது, தகரத்தின்மேல் தென்னங்கீற்றைப் பரப்புவது, கவிழாத மண்தொட்டியில் தண்ணீர் வைப்பது. தொண்டாமுத்தூர், தடாகம், வால்பாறை என்று மலையடிவாரத்திலும் மலைமேலும் இருப்பவர்களுக்கு இரவுச் சங்கிலி இன்னொரு ஆபத்து. சிறுத்தை வந்தால் கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை.

இங்கேதான் வழக்கமான மறுப்பு வரும்: ‘நாட்டு நாய்க்கு இதெல்லாம் எதற்கு? தெருவில் கிடப்பவை பார்க்காத வெயிலா, நனையாத மழையா?’ இதில் பாதி உண்மை இருக்கிறது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் வெயிலுக்குப் பழகிய உடல்வாகு கொண்டவை. வீட்டு வாசலில் பிறந்து வளர்ந்த பெயரில்லாத நாட்டு நாயும் அப்படித்தான். ஆனால் தெருநாய் வெயிலைத் தாங்குவதற்குக் காரணம் அதன் உடம்பு மட்டுமில்லை, அதன் கால்களும்தான். உச்சிவெயிலில் அது நின்ற லாரிக்கு அடியில் போகும், சாக்கடையோரம் ஈரமண்ணைப் பறித்துப் படுக்கும், வாய்க்காலில் இறங்கும். சங்கிலி அந்த உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கியவர்தான் அதற்கு ஈடு செய்ய வேண்டும். இரண்டாவது, தெருவில் நாம் பார்ப்பவை பிழைத்தவை மட்டுமே. கொல்கத்தாவின் ஐசர் நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், ஏழு மாதத்தைத் தாண்டியவை நூற்றுக்குப் பத்தொன்பது. ‘தெருநாய் எதையும் தாங்கும்’ என்ற பேச்சில் இறந்துபோன எண்பத்தொன்று கணக்கிலேயே இல்லை.

நாட்டு நாயின் நிலையே இது என்றால், பொள்ளாச்சி வெயிலில் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் படும் பாட்டைச் சொல்ல வேண்டுமா? மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில், லாப்ரடாரோடு ஒப்பிட்டால் புல்டாக் வகைக்கு வெப்பத் தாக்கு வாய்ப்பு ஏறத்தாழ பதினான்கு மடங்கு, பக் இனத்துக்கு மூன்று மடங்குக்கும் மேல். மூக்கு சப்பையானால் விசிறியே சப்பை. 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது. எதிர்ப்பு கிளம்பி அது மறு ஆய்வுக்குப் போனது. ஏற்கெனவே வளர்ப்பவர்களின் கவலை நியாயமானது, அவர்களைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. ஆனால் அந்தக் கொள்கையின் அடிப்படை சரி என்றே நினைக்கிறேன். வாழ்நாள் முழுதும் ஏசி அறைக்குள் மட்டுமே நிம்மதியாக மூச்சுவிடக்கூடிய உயிரை, மின்வெட்டு இருக்கும் ஊரில் புதிதாகப் பிறக்கவைக்க நமக்கு என்ன தேவை?

கோடைமழை இரண்டு விழுந்ததும் அடுத்த எதிரி வரும். உண்ணியைப் பலரும் அரிப்புத் தொந்தரவாக மட்டும் நினைக்கிறார்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஆமணக்கு விதை மாதிரி உப்பித் தொங்குகிற பெண் உண்ணி, இரத்தம் நிரம்பியதும் தானே கீழே விழும். விழுந்து, சுவரேறி, காரை பெயர்ந்த இடுக்கிலோ கதவு நிலைக்குப் பின்னாலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயின் மேல் நாம் பார்ப்பது கூட்டத்தில் சிறு பங்கு. பெரும் பங்கு வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்தச் சுற்று வேகமெடுக்கும். எர்லிக்கியா, பபீசியா போன்ற இரத்தக் கிருமிகளைச் சுமந்து வருவது இந்த உண்ணிதான். காய்ச்சல், சோறு மறுப்பு, வெளிறிய ஈறு, சிலநேரம் மூக்கில் இரத்தம் என்று வரும் நாய்களில் எத்தனையோ இதற்குப் பலியானவை. இரத்தப் பரிசோதனையில் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. ஆனால் கொங்குக் கிராமங்களில் நடப்பது வேறு: பயிருக்கு அடித்தது போக மிச்சமுள்ள பூச்சிமருந்தையோ மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையோ ஒரு குத்துமதிப்பில் வாளியில் கலந்து நாயைக் குளிப்பாட்டிவிடுகிறோம். நக்கியே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் உயிர் அது. நாய்க்கென்றே விற்கும் சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பதும் பலருக்குத் தெரியாது. காய்ச்சலடிக்கிறதே என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான். அதைச் செரிக்கும் வழி பூனையின் ஈரலில் இல்லை, ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதும். உண்ணிக்கு மருந்து நாயின் எடை பார்த்து, மருத்துவர் சொன்னதை, பங்குனியிலேயே தொடங்க வேண்டும். கூடவே சுவர் இடுக்குகளைப் பூச வேண்டும், படுக்கைச் சாக்கை எரித்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

ஆடிக்காற்று அடிக்கும் மாதங்கள் கோவையில் விலங்குகளுக்குச் சுகமான மாதங்கள். கண்ணில் தூசி விழும், அதைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. அதனால்தான் அந்த மாதங்களை நாம் வீணாக்குகிறோம். ஆடியில் விதைத்தால்தான் தையில் அறுக்கலாம் என்று தெரிந்த ஊருக்கு, ஆவணியில் ஊசி போட்டால்தான் ஐப்பசியில் அது காக்கும் என்பது புரியாமல் போகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்த நிலத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். லங்கா கார்னர் சுரங்கப்பாதை நிரம்பும், உக்கடத்திலிருந்து சிங்காநல்லூர் வரை குளங்கள் தளும்பும், எலிகள் வளையை விட்டு வெளியேறும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரா கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த நீரில் நடந்து வந்து பாதத்தை நக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல். நாயின் சிறுநீர் வழியாக வீட்டுக்காரருக்கும். இதற்கான ஊசி முதல் முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும், அதற்குப் பிறகே உடம்பில் எதிர்ப்பு ஊறும். மழை கொட்டத் தொடங்கியபின் ஓடினால் காலம் கடந்துவிடும். பார்வோ இன்னும் பொல்லாதது. இரத்தக் கழிச்சலாகப் போய் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். அது கிடந்த மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு குட்டி செத்த இடத்திலேயே மறுமாதம் அடுத்த குட்டியைக் கொண்டுவந்து கட்டி, அதுவும் போனபின் ‘இந்த வாசலுக்கு நாய் ராசியில்லை’ என்று சொல்லும் வீடுகள் உண்டு. ராசி ஒன்றுமில்லை, அது வைரஸ். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். ரேபிஸுக்கு மூன்று மாத வயதில் தொடங்கலாம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் நாள், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள். இரண்டையொட்டியும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன. இரண்டும் நம் பெருமழைக்கு முன்பே வந்துவிடுகின்றன என்பது நல்வாய்ப்பு.

தீபாவளியை ஒரு வரியில் கடந்துவிட முடியாது என்றாலும், செய்ய வேண்டியது எளிது. மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், பூனைக்கு மூன்று மடங்கு. உச்சநீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பின் தமிழகத்தில் பட்டாசுக்குக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். அந்த நேரத்திலாவது சங்கிலியை அவிழ்த்து வீட்டின் உள்ளறையில் விட வேண்டும். கட்டிய நாய் மிரண்டால் கழுத்து இறுகும், அவிழ்ந்தால் ஊர் தாண்டி ஓடும். மார்கழிப் பனிக்குக் கிழட்டு நாய்க்கும் குட்டிக்கும் தரையிலிருந்து உயர்த்திய பலகையும் ஒரு சாக்கும் போதும்.

‘இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது’ என்று கேட்பவர்களின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விசைத்தறிக் கூலியில் ஓடும் குடும்பத்துக்குத் தனியார் மருத்துவமனைச் சீட்டு பெரிய செலவுதான். ஆனால் இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: நிழல், தண்ணீர், நேரம் மாற்றிய நடை, பூசிய சுவர், இலவச முகாம். பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டாம், முன்யோசனைதான் வேண்டும். பார்வோ வந்த குட்டிக்கு ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றும் செலவில் பல ஆண்டுகளுக்கு ஊசி போட்டுவிடலாம். ‘மனிதரே வெயிலில் சுருண்டு விழும்போது நாய்க்கு என்ன’ என்ற கேள்வி இன்னும் கனமானது. சாலைப் பணியாளருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் நிழலும் தண்ணீரும் ஓய்வும் முதலில் கிடைக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் நாய்க்கு வைக்கும் மண்தொட்டி அந்தத் தொழிலாளியின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதில்லை. மேலும் ரேபிஸும் எலிக்காய்ச்சலும் நாயோடு நிற்பதில்லை. 2024-இல் தமிழகத்தில் பதிவான நாய்க்கடிகள் ஏறக்குறைய 4.8 லட்சம், ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கொடுத்து மக்களைக் காக்கவே 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் நம் மலைமேல் தொடங்கப்பட்டது. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோவையிலும் நீலகிரி அடிவாரத்திலும், ஊசி போடாத வீட்டு நாய் ஒன்று இருப்பதுகூட ஏற்க முடியாதது.

அரசிடம் கேட்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. நாமக்கல்லின் வானிலைக் குறிப்பில் கோழிக்குச் சொல்லும் நான்கு வரிக்குக் கீழே நாய்க்கும் பூனைக்கும் இரண்டு வரி சேர்க்கலாம்: இந்த வாரம் பகல் நடை வேண்டாம், அடுத்த வாரம் உண்ணி பெருகும் ஈரப்பதம், மழைக்கு முன் ஊசி முடித்துவிடுங்கள் என்று. உடுமலைப்பேட்டையில் 2020 முதல் இன்னொரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோவை, திருப்பூர் பக்கத்துக்கு அது சொல்லலாம். வெயிலில் சுருண்ட நாயை முதலில் நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்காற்று காட்டி, அதற்குப் பிறகு வண்டியில் ஏற்ற வேண்டும். ஈரத்துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கும் என்ற ஒரு குறிப்பு, ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும் மாசி பிறக்கும் முன் ஒட்டப்பட வேண்டும். ஆள் பற்றாக்குறை என்பார்கள். அதற்கும் வழி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. பிப்ரவரிக் கோழிக்கழிச்சல் முகாமுக்கு மருந்தக ஊழியர் ஐஸ் பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறார். பெண்கள் குஞ்சுகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூடைக்குப் பின்னால் அந்த வீட்டு நாயும் வாலாட்டிக்கொண்டு வருகிறது. குஞ்சுக்குச் சொட்டு மருந்து விட்டபின் நாயின் காதை ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்து, ‘இதற்கு ஊசி போட்டாயிற்றா, எங்கே கட்டுகிறீர்கள்?’ என்று அவர் கேட்கலாம்.